அமெரிக்க நிறுவனங்கள் பன்முகத்தன்மைக் கொள்கையை ஏன் ஏற்றன, ஏன் கைவிட்டன?

வெவ்வேறு இனத்தவரும் பாலினத்தவரும் வேலையில் சம வாய்ப்புப் பெற நிறுவனங்கள் செய்யும் ஏற்பாடுகளைத்தான் பன்முகத்தன்மைக் கொள்கை என்கிறார்கள். 2020-ல் பன்முகத்தன்மைதான் தங்கள் அடிப்படை விழுமியம் என்று போட்டி போட்டுக்கொண்டு அறிக்கை விட்ட அமெரிக்க நிறுவனங்கள், ஐந்தே வருடத்தில் அதே வேகத்தில் அதைக் கைகழுவியது ஏன்? அன்று நடித்தார்களா, இன்று நடிக்கிறார்களா? கேள்வி இதுதான்.

இரண்டுமே நடிப்பு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எதையும் விளக்காது. நிறுவனத்துக்கு மனசாட்சி இருக்கிறதா என்று தேடுவதைவிட, எந்த வருடத்தில் அதன் சட்ட ஆலோசகர் எதை நினைத்துத் தூக்கம் கெட்டார் என்று பார்த்தால் கதை புரிந்துவிடும். யார் வழக்குப் போடுவார்கள், அரசு எதைக் கேட்கும், போட்டி நிறுவனம் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் இதை ஏற்றார்கள். அதே கணக்கை வைத்துத்தான் விட்டார்கள்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1941-ல் போர்த் தளவாடத் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஆள் எடுத்தபோதும் கறுப்பினத்தவருக்குக் கதவு திறக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப், வாஷிங்டனில் மாபெரும் பேரணி நடத்துவேன் என்று எச்சரித்தார். அந்த ஜூன் மாதமே அதிபர் ரூஸ்வெல்ட், தளவாடத் தொழிலில் இனப் பாகுபாடு கூடாது என்று 8802-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார்; பேரணி நிறுத்தப்பட்டது. முதல் அடியே நெருக்குதலால் எடுத்து வைத்ததுதான். பிறகு 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு ஆகியவற்றை வைத்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்றது அதன் ஏழாம் அத்தியாயம். அடுத்த வருடம் அதிபர் ஜான்சனின் 11246-ஆம் எண் ஆணை. அரசு ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்கள் பாகுபாட்டைத் தவிர்த்தால் மட்டும் போதாது, சம வாய்ப்புக்காக முன்கை எடுத்து நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்றது. 50 ஊழியர்களும் 50,000 டாலர் ஒப்பந்தமும் இருந்தால் எழுத்தில் ஒரு திட்டமே வைத்திருக்க வேண்டும் என்று பின்னர் விதி வந்தது.

இங்கேதான் முடிச்சு. பாகுபாடு கூடாது என்று சட்டம் சொன்னதே தவிர, பாகுபாடு காட்டவில்லை என்று ஒரு நிறுவனம் எப்படி நிரூபிப்பது என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களோ நீதிபதிகளோ அல்ல. நிறுவனங்களின் பணியாளர் துறை அதிகாரிகள். ஹார்வர்ட் சமூகவியலாளர் ஃப்ராங்க் டாபின் இதைத்தான் பல வருடங்கள் தோண்டி எடுத்து எழுதியிருக்கிறார். சம வாய்ப்பு அலுவலகம், புகார் நடைமுறை, பதவி உயர்வுக்கு எழுத்து வடிவ அளவுகோல், மேலாளர்களுக்குப் பயிற்சி என்று அவர்களே ஒவ்வொன்றாக உருவாக்கினார்கள். இப்படிச் செய்தால் நீதிமன்றத்தில் தப்பிக்கலாம் என்று மேலிடத்தில் எடுத்துச் சொன்னார்கள். பக்கத்து நிறுவனம் அதைப் பார்த்துச் செய்தது. பத்துப் பேர் செய்ததும் அதுவே வழக்கமானது. கடைசியில் நீதிமன்றங்களும், நியாயமான நிறுவனம் என்றால் இவையெல்லாம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள ஆரம்பித்தன. கொள்கை இருக்கிறது என்பதையே, பாகுபாடு இல்லை என்பதற்குச் சான்றாக நீதிபதிகள் ஏற்கத் தொடங்கியதை லாரன் எடல்மன் என்ற ஆய்வாளர் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

பயம் வெறும் கற்பனையல்ல. 1971-ல் டியூக் பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம், கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும், வேலைக்குத் தொடர்பில்லாத தகுதி ஒன்று கறுப்பினத்தவரைப் பெருமளவில் வெளியே தள்ளினால் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. 1973-ல் அன்று நாட்டின் மிகப் பெரிய தனியார் முதலாளியான தொலைபேசி நிறுவனம் ஏடி அண்ட் டி, பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் சுமார் 1.5 கோடி டாலர் நிலுவைச் சம்பளம் தர ஒப்புக்கொண்டது. இதற்குப் பிறகு பெரிய நிறுவனங்களின் மனிதவளத் துறைக்குப் பட்ஜெட் கேட்பது எளிதாகிவிட்டது.

எல்லாமே பயம்தானா என்றால், இல்லை. ஐபிஎம்மின் தாமஸ் வாட்சன் ஜூனியர் 1953-லேயே, இனம், நிறம், மதம் பார்க்காமல் ஆள் எடுப்போம் என்று எழுத்தில் கொடுத்தார். தென் மாநிலங்களில் புதிய ஆலைகள் கட்டப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஆலையில் இனப் பிரிவினை கிடையாது என்று மாநில ஆளுநர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்போது எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. இப்படிப்பட்டவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் ஒரே வருடத்தில் ஒரே பக்கம் திரும்புவதைத் தனிமனித நல்லெண்ணத்தால் விளக்க முடியாது.

1980-களில் நடந்த ஒரு விஷயம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது. 1985-ல் ரேகனின் அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸ், ஜான்சனின் ஆணையிலிருந்த எண்ணிக்கை இலக்குகளை ஒழிக்கப் பார்த்தார். தொழிலதிபர்கள் கைதட்டுவார்கள் என்றுதானே நினைப்போம்? உற்பத்தியாளர்களின் தேசியச் சங்கம் ஆணை அப்படியே இருக்கட்டும் என்றது. காரணம் எளிமையானது. அலுவலகம், படிவம், ஆட்கள் என்று எல்லாம் ஏற்கெனவே அமைந்துவிட்டது. ஆணை போய்விட்டால், வெள்ளையின ஊழியர் ஒருவர் வழக்குத் தொடுக்கும்போது அரசு சொன்னதால் செய்தோம் என்று காட்டக் கையில் காகிதம் இருக்காது. ஆணை சுமையாக இருந்த அளவுக்குக் கவசமாகவும் இருந்தது. இந்தக் கவசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2025-ல் கழன்று விழுந்தது இதுதான்.

ரேகன் காலத்தில் அமலாக்கம் தளர்ந்ததும் மனிதவளத் துறையினருக்குப் புதிய நியாயம் தேவைப்பட்டது. 1987-ல் ஹட்சன் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட வேலைச் சந்தை அறிக்கை ஒன்று கை கொடுத்தது. நூற்றாண்டு முடிவதற்குள் பணியாளர் எண்ணிக்கையில் ஏற்படும் நிகர அதிகரிப்பில் அமெரிக்காவில் பிறந்த வெள்ளை ஆண்களின் பங்கு 15 சதவீதம்தான் இருக்கும் என்பது அதன் கணிப்பு. அந்த 'நிகர' என்பது வழியில் எங்கோ தொலைந்துபோனது. புதிதாக வேலைக்கு வருபவர்களிலேயே 15 சதவீதம்தான் வெள்ளை ஆண்கள் என்று பலர் படித்துக்கொண்டார்கள். தவறாகப் படித்த அந்த எண் மாநாட்டு மேடைகளில் பல வருடங்கள் ஓடியது. சட்டத்துக்காகச் செய்கிறோம் என்ற பேச்சு மெல்ல மறைந்து, வியாபாரத்துக்கு நல்லது என்ற பேச்சு வந்தது இப்படித்தான். செய்த வேலைகள் பெரும்பாலும் பழையவைதான். சொன்ன காரணம் மட்டும் புதிது.

வழக்குகளும் நிற்கவில்லை. 1996-ல் டெக்சாகோ எண்ணெய் நிறுவன அதிகாரிகள், பாகுபாட்டு வழக்குக்கான ஆவணங்களை அழிப்பது பற்றிப் பேசிய ஒலிநாடா வெளியே வந்தது. சில வாரங்களிலேயே 17.6 கோடி டாலருக்குச் சமரசம். 2000-ல் கோகோ கோலா 19.25 கோடி டாலர். இரண்டிலும் வெளியாட்கள் கொண்ட கண்காணிப்புக் குழுவையும் ஏற்க வேண்டியிருந்தது. இடையே 1998-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு பாலியல் துன்புறுத்தல் வழக்குகளில் ஒரு வழி காட்டியது: தடுக்கும் கொள்கையும் ஒழுங்கான புகார் நடைமுறையும் நிறுவனத்திடம் இருந்து, ஊழியர் அதைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தால், சில சூழ்நிலைகளில் நிறுவனம் அதையே தற்காப்பு வாதமாக வைக்கலாம். அதன் பிறகு பயிற்சி வகுப்பு என்பது அமெரிக்க அலுவலகங்களில் தப்பிக்க முடியாத சடங்காகிவிட்டது.

அந்தப் பயிற்சிகளால் ஏதாவது மாறியதா? டாபினும் அலெக்ஸாண்ட்ரா கலேவும் எரின் கெல்லியும் 708 தனியார் பணியிடங்களின் 1971 முதல் 2002 வரையான தரவை வைத்து 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேலாளர் பதவிகளில் பெண்களும் கறுப்பினத்தவரும் கூடினார்களா என்பதுதான் அளவுகோல். மிகக் குறைந்த பலன் தந்தவற்றில் பயிற்சியும் ஒன்று. மேலாளர்களை இதற்காக மதிப்பெண் போட்டு மதிப்பிடுவதும் அப்படித்தான். வழிகாட்டித் திட்டங்கள் ஓரளவு உதவின. நன்றாக வேலை செய்தது, இதற்குப் பொறுப்பு என்று குறிப்பிட்ட ஆட்களை வைத்தது: ஒரு குழு, ஒரு முழுநேர அதிகாரி, ஒரு எழுத்துத் திட்டம். பொறுப்பாளர் இருந்த இடத்தில் மற்ற முயற்சிகளும் கூடுதல் பலன் தந்தன.

அப்படியானால் பலன் குறைந்ததையே ஏன் எல்லோரும் வாங்கினார்கள்? வாங்கியவருடைய தேவையே வேறு. அரை நாள் வகுப்பு மலிவானது. கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேடு நீதிமன்றத்தில் காட்ட உதவும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரை எடுப்பது, யாரை உயர்த்துவது என்ற மேலாளரின் அதிகாரத்தில் அது கை வைக்காது. பொறுப்பாளர் ஒருவரை நியமித்தால் அவர் கேள்வி கேட்பார்; அது யாருக்கும் பிடிக்காது. பன்முகத்தன்மைக் கொள்கைகளை எதிர்ப்பவர்கள் கேலி செய்வது பெரும்பாலும் இந்தப் பயிற்சி வகுப்புகளைத்தான், அந்தக் கேலியில் நியாயமும் உண்டு. ஆனால் அதை வைத்துப் பிரச்சினையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள் பெர்ட்ராண்டும் முல்லைநாதனும். வெள்ளையருக்குரிய பெயர்களுக்கு 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. அந்த ஆய்வு வெளியானது 2004-ல், சிவில் உரிமைச் சட்டம் வந்து 40 வருடங்களுக்குப் பிறகு.

லாபக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015-ல் மெக்கின்சி ஆலோசனை நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, தலைமையில் இனப் பன்முகத்தன்மை அதிகமுள்ள நிறுவனங்கள் தங்கள் துறையின் இடைநிலை அளவை விட நல்ல நிதிநிலை காட்டும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம் என்றது. அந்த எண் இடம்பெறாத விளக்கக் கோப்பே அடுத்த சில வருடங்களில் இல்லை எனலாம். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதைத்தான் அது காட்டியது, ஒன்றால் மற்றொன்று வந்தது என்பதை அல்ல. நன்றாகச் சம்பாதிக்கும் நிறுவனம்தான் இதற்கெல்லாம் செலவழிக்கிறது என்றும் அதைப் படிக்கலாம். 2024-ல் ஜெரமையா கிரீனும் ஜான் ஹேண்டும், எஸ் அண்ட் பி 500 பங்குப் பட்டியலிலுள்ள பெரிய அமெரிக்க நிறுவனங்களில் அதே முடிவைத் திரும்பப் பெற முயன்றார்கள், கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், ஆதரவாளர்கள் செய்த மிகப் பெரிய பிழை இந்த எண்ணில் சாய்ந்து நின்றதுதான். நியாயம் என்பதற்காகச் செய்கிறேன் என்றவரிடம் லாபக் கணக்குக் கேட்க முடியாது. லாபத்துக்காகச் செய்கிறேன் என்று சொன்னவரிடம் ஒவ்வொரு காலாண்டும் கேட்பார்கள்.

2014-ல் கூகுள் தன் ஊழியர் விவரத்தை வெளியிட்டது: பெண்கள் 30 சதவீதம், கறுப்பினத்தவர் 2 சதவீதம். மற்ற தொழில்நுட்ப நிறுவனங்களும் வெளியிட வேண்டியதாயிற்று. இன்டெல் அடுத்த ஜனவரியில் 30 கோடி டாலர் ஒதுக்கியது. பிறகு முதலீட்டாளர்கள் நுழைந்தார்கள். இயக்குநர் குழுவில் வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்தால் அந்த நிறுவனத்தின் பங்கு வெளியீட்டை நடத்தித் தர மாட்டோம் என்று முதலீட்டு வங்கியான கோல்ட்மன் சாக்ஸ் 2020 ஜனவரியில் அறிவித்தது. மே 25-ல் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டார். அதன் பிறகு வந்த வாரங்களில் மௌனமாக இருப்பதுதான் ஆபத்தான முடிவாக இருந்தது. ஊழியர்கள் உள்ளே இருந்து கேட்டார்கள், வாடிக்கையாளர்கள் வெளியே இருந்து கேட்டார்கள், போட்டியாளர் ஏற்கெனவே அறிக்கை விட்டிருந்தார். ஊரோடு ஒத்து வாழ் என்பதை அமெரிக்க நிறுவனங்கள் அளவுக்கு யாரும் கடைப்பிடித்ததில்லை. அவசரத்தில் எண்ணிக்கை இலக்குகளைப் பகிரங்கமாக எழுதிக் கொடுத்தார்கள், நிர்வாகிகளின் போனஸை அதனோடு கட்டினார்கள், குறிப்பிட்ட இனத்தவருக்கு மட்டும் என்று உதவித்தொகைகள் அறிவித்தார்கள். பழைய தலைமுறை மனிதவளத் துறையினர் வக்கீலைக் கேட்காமல் தொட்டிருக்க மாட்டாத விஷயங்கள் இவற்றில் சில.

சட்டத்தின் காற்று திரும்பியது 2023 ஜூன் 29-ல். ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்களின் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை உச்ச நீதிமன்றம் தடை செய்தது. தீர்ப்பு கல்லூரிகளைப் பற்றியது, வேலைவாய்ப்பைத் தொடவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் 13 குடியரசுக் கட்சி மாநில அட்டர்னி ஜெனரல்கள் நாட்டின் 100 பெரிய நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார்கள். அந்த வழக்கை நடத்திய எட்வர்ட் ப்ளம், கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் நிதி கொடுத்த அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்டை நீதிமன்றத்துக்கு இழுத்தார். கையில் எடுத்த சட்டம் எது தெரியுமா? விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒப்பந்த உரிமை கொடுக்க 1866-ல் இயற்றியது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிதியை நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் திட்டமே மூடப்பட்டது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்தவர் பாகுபாட்டு வழக்குப் போட்டால் அவர் கூடுதலாக எதையும் நிரூபிக்கத் தேவையில்லை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அறுபது வருடமாகக் கொள்கை இல்லாததுதான் வழக்கு அபாயம். இப்போது கொள்கை இருப்பதும் அபாயமாகிவிட்டது.

பலர் நினைப்பதுபோல எல்லாம் டிரம்ப் வந்த பிறகு தொடங்கியதல்ல. விவசாயக் கருவிகள் விற்கும் டிராக்டர் சப்ளை 2024 ஜூனிலேயே பின்வாங்கியது. ராபி ஸ்டார்பக் என்ற செயல்பாட்டாளர் சமூக ஊடகத்தில் நடத்திய பிரசாரமே அதற்குக் காரணம். பின்னாலேயே ஜான் டியர், ஹார்லி டேவிட்சன், ஃபோர்டு, நவம்பரில் வால்மார்ட். முதலில் விழுந்தவர்களின் வரிசையைப் பாருங்கள்: கிராமப்புற, பழமைவாத வாடிக்கையாளர்களை நம்பிப் பிழைப்பவர்கள். ஸ்டார்பக் அவர்களைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருந்தது.

2025 ஜனவரி 21-ல் டிரம்ப் பிறப்பித்த ஆணை ஜான்சனின் 11246-ஐ ரத்து செய்தது. கவசம் போய்விட்டது. அதோடு நிற்கவில்லை. அரசு ஒப்பந்தம் எடுப்பவர்கள், சட்டவிரோதமான பன்முகத்தன்மைத் திட்டம் எதுவும் தங்களிடம் இல்லை என்று சான்றளிக்க வேண்டும். பொய் என்று தெரிந்தால், அரசிடம் பொய் சொல்லிப் பணம் பெறுவோருக்கான பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்கீழ் மும்மடங்கு நஷ்டஈடு. எது சட்டவிரோதம் என்று ஆணை தெளிவாகச் சொல்லவில்லை. 1964-ல் இருந்த அதே வெற்றிடம், இந்த முறை எதிர்த் திசையில். தெளிவில்லாத விதிக்கு முன்னால் நிறுவனங்கள் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும்: தேவைக்கு மேலேயே பணிந்துபோகும். அன்று தேவைக்கு மேல் கட்டினார்கள், இன்று தேவைக்கு மேல் இடிக்கிறார்கள்.

அனுமதி வேண்டிக் காத்திருப்பவர்களுக்கு இன்னும் நேரடியான நெருக்குதல். ஃப்ராண்டியர் நிறுவனத்தை 2,000 கோடி டாலருக்கு வாங்க, தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசன் காத்திருந்தது. 2025 மே மாதம் தன் பன்முகத்தன்மைத் திட்டங்களை முடித்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்த கையோடு தகவல் தொடர்பு ஆணையத்தின் ஒப்புதல் வந்தது. வெரைசன் நிர்வாகிகள் மனம் மாறிவிட்டார்களா என்று இதில் ஆராய என்ன இருக்கிறது?

டார்கெட், காஸ்ட்கோ என்ற இரண்டு சில்லறை விற்பனை நிறுவனங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. டார்கெட்டின் தலைமையகம் ஃபிளாய்ட் இறந்த அதே மினியாபோலிஸ். 2020-ல் உரக்கப் பேசிய நிறுவனங்களில் ஒன்று. 2023-ல் தன்பாலினத்தவருக்கான விற்பனைப் பொருட்களால் ஒரு பக்கம் கோபம் வந்தது, சில பொருட்களை எடுத்ததும் மறுபக்கம் கோபம். 2025 ஜனவரியில் கொள்கையை விட்டதும் கறுப்பினத் திருச்சபைகள் புறக்கணிப்பு நடத்தின. அடுத்த காலாண்டில் விற்பனை 2.8 சதவீதம் குறைந்தது; அந்த முடிவுக்கு வந்த எதிர்வினையும் காரணங்களில் ஒன்று என்று தலைமை நிர்வாகியே ஒப்புக்கொண்டார். காஸ்ட்கோவில் பன்முகத்தன்மையால் வரும் ஆபத்துகளை ஆராய வேண்டும் என்று ஒரு பழமைவாத அமைப்பு தீர்மானம் கொண்டுவந்தது. நிர்வாகம் எதிர்த்தது, பங்குதாரர் வாக்கில் 98 சதவீதத்துக்கு மேல் அதைத் தோற்கடித்தார்கள். காஸ்ட்கோ முன்பு பெரிதாக முழங்கியதும் இல்லை, பிறகு பின்வாங்கியதும் இல்லை. ஒரு நிலையில் நிற்பவரைவிட, நிலை மாற்றுபவரிடம்தான் இரு தரப்பும் கணக்குக் கேட்கிறது.

பின்வாங்கியதாகச் சொல்பவர்கள் உண்மையில் எதை விட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பலர் பெயரை மட்டும் மாற்றினார்கள். ஜேபி மார்கன் வங்கி, 'பன்முகத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம்' என்ற வழக்கமான மூன்று சொல்லில் ஒன்றை எடுத்துவிட்டு, 'சமத்துவம்' இருந்த இடத்தில் 'வாய்ப்பு' என்று வைத்தது. வெளியே தெரிந்த எண்ணிக்கை இலக்குகளும் குறிப்பிட்ட இனத்தவருக்கான திட்டங்களும்தான் முதலில் போயின, ஏனென்றால் வழக்குக்கு உள்ளாகக்கூடியவை அவை. விளம்பரப்படுத்தாமல் பணியிடத்தை நிரப்பக் கூடாது, எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும், சம்பள வேறுபாட்டை வருடா வருடம் தணிக்கை செய்ய வேண்டும் போன்ற நடைமுறைகள் யார் கண்ணிலும் படாமல் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏழாம் அத்தியாயம் இன்னும் சட்டமாகவே இருக்கிறது. உங்கள் நிறுவனம் நிஜமாகவே கைவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் இணையதளத்தைப் பார்க்காதீர்கள். அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் இன்னும் இருக்கிறாரா, யாருக்குக் கீழே இருக்கிறார், சம்பளத் தரவு அவருக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு, காரணம் அங்கே சட்டமே அளவைச் சொல்லிவிடுகிறது. நார்வே 2003-ல் பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒவ்வொரு பாலினத்தவரும் 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. மீறினால் நிறுவனத்தையே கலைத்துவிடலாம். 2008-க்குள் பெரும்பாலும் எட்டிவிட்டார்கள். சில நிறுவனங்கள் தங்கள் சட்ட வடிவத்தையே மாற்றிக்கொண்டு நழுவியதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் கொண்டுவந்த விதி, பட்டியலிட்ட பெரிய நிறுவனங்களுக்கு 2026 ஜூன் வரை கெடு வைத்தது: நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநர்களில் 40 சதவீதம், அல்லது எல்லா இயக்குநர்களிலும் 33 சதவீதம், குறைவாக உள்ள பாலினத்தவராக இருக்க வேண்டும். 2025 மார்ச்சில் பாரிஸ் அமெரிக்கத் தூதரகம், அமெரிக்க அரசுக்குச் சேவை செய்யும் பிரெஞ்சு நிறுவனங்களும் டிரம்ப் ஆணைக்கு இணங்குவதாகச் சான்றளிக்க வேண்டும் என்று கடிதம் அனுப்பியது. பிரெஞ்சு அரசு அதைக் கண்டித்தது. இரண்டு பக்கமும் தொழில் செய்யும் நிறுவனத்தின் சட்டத் துறை இன்று இரண்டு விதிப் புத்தகங்களை மேசையில் வைத்துக்கொண்டிருக்கிறது. ஒன்று எண்ணச் சொல்கிறது, மற்றொன்று எண்ணியதைக் கேள்வி கேட்கிறது.